புஸ்தகக் கடைச் சிப்பந்திகளின் கதி

பெரியதொரு வியாபார ஸ்தாபனம் வீழ்ச்சியுறும்போது உலகம் அதன் முதலாளிகளைப் பற்றிப் பேசுகிறது. அதற்குக் கடன் கொடுத்த பாங்கிகளைப் பற்றிப் பேசுகிறது. அதன் பங்குகள் என்ன விலைக்கு இறங்கின என்று பேசுகிறது. காலையில் கதவைத் திறந்து, பகல் முழுவதும் நின்றவாறே வேலை செய்து, இரவில் கணக்கை முடித்துக் கதவைப் பூட்டிச் செல்லும் சிப்பந்திகளுக்கோ ஒரே ஒரு வரி கிடைக்கிறது. அவ்வரியிலும் அவர்கள் மனிதர்களாக நிற்பதில்லை. ஒரு தொகையாக நிற்கிறார்கள். 2011-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அமெரிக்காவில் பார்டர்ஸ் என்னும் புஸ்தகக் கடைக் கம்பெனி கலைக்கப்பட்டபோது அவர்களுடைய தொகை 10,700 என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஒரு வரியை விரித்துரைப்பதே இங்கு நம் நோக்கம்.

செத்த பிள்ளைக்கு ஜாதகம் பார்ப்பானேன் என்று சிலர் கேட்கலாம். கம்பெனி மாண்டு பத்து வருஷங்களுக்கு மேலாகிவிட்டது உண்மையே. ஆனால் அதைக் கொன்ற நோய் அதனுடன் மாண்டு போகவில்லை. வேலை இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கு இருக்குமா என்று அறியாமல் வருஷக்கணக்காய்க் காலந்தள்ளும் கடைச் சிப்பந்திகள் இன்றும் பல தேசங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய நிலையை உள்ளபடி அறிவதற்குப் பார்டர்ஸின் கதையைப் போன்ற தெளிவான பாடம் வேறொன்று கிடைப்பது அரிது. ஏனெனில் அங்கே நடந்தவை பெரும்பாலும் கோர்ட்டுத் தஸ்தாவேஜுகளில் ஏறியிருக்கின்றன. யாரும் மறைக்க இயலாது.

அறிவை முதலாகக் கொண்ட கடை

1971-ஆம் வருஷத்தில் மிச்சிகன் மாகாணத்தில் ஆன் ஆர்பர் என்னும் ஸர்வகலாசாலை நகரில் டாம் பார்டர்ஸ், லூயி பார்டர்ஸ் என்ற சகோதரர் இருவர் சிறியதொரு பழைய புஸ்தகக் கடையைத் திறந்தனர். லூயி கணிதம் கற்றவர். எந்த ஊரில், எந்தக் கடையில், எந்த நூல் எத்தனை பிரதி விற்கும் என்பதைக் கம்ப்யூட்டர் கொண்டு கணக்கிடும் முறையொன்றை அவர் வகுத்தார். அம்முறையால் மற்றக் கடைகளில் காணக் கிடைக்காத பலவகை நூல்களையும் பார்டர்ஸ் கடையில் வைத்து விற்க முடிந்தது.

ஆனால் யந்திரக் கணக்கு மட்டும் அக்கடைக்குப் பெயர் வாங்கித் தரவில்லை. அங்கே வேலைக்கு விண்ணப்பம் செய்கிறவர்கள் நூல்களையும் ஆசிரியர்களையும் பற்றிய பரீட்சை ஒன்று எழுதவேண்டியிருந்தது. இன்ன நூலை இயற்றியவர் யார், இன்னது எந்த அலமாரியைச் சேர்ந்தது என்று சொல்லத் தெரிந்தவருக்கே அங்கே இடம். சரித்திரம் படித்தவன் சரித்திர அலமாரியைப் பார்த்துக்கொள்வான். கவிதையில் பற்றுள்ளவள் கவிதைப் பகுதியைப் பேணுவாள். சம்பளம் பெரிதன்று. எனினும் தாம் அறிந்த ஒன்றை அறிய விரும்புகிறவருக்கு எடுத்துக் கொடுக்கும் தொழில் என்ற திருப்தி அவர்களுக்கு இருந்தது. அச்சிப்பந்திகளின் அறிவே கடையின் முதல். ஐந்தொகைக் கணக்கில் அதற்கு ஒரு பத்தி இல்லாமையால் பின்னால் வந்த முதலாளிகளின் கண்ணுக்கு அது புலப்படவில்லை.

1992-இல் கே மார்ட் என்னும் பெரும் பலசரக்குக் கம்பெனி பார்டர்ஸை விலைக்கு வாங்கிற்று. அதற்கு முன்பே, 1984-இல், வால்டன்புக்ஸ் என்னும் மற்றொரு புஸ்தகக் கடைக் கூட்டத்தையும் அது வாங்கியிருந்தது. 1995-இல் இவ்விரண்டும் பிரிக்கப்பட்டுத் தனிக் கம்பெனியாகிப் பங்கு மார்க்கெட்டில் ஏறின. 2003-ஆம் வருஷத்தளவில் இரண்டு பெயரிலும் சேர்த்து 1,200-க்கு மேற்பட்ட கடைகள் இருந்தன. பெரிய கடைகள், உள்ளே காப்பிக் கடை, ஒரு பக்கம் புஸ்தகம், ஒரு பக்கம் ஸங்கீதத் தட்டுகள் என்று வெளித்தோற்றம் கம்பீரமாகவே இருந்தது.

யார் செய்த தீர்மானங்கள்?

வீழ்ச்சிக்குக் காரணம் கேட்டால் இன்டர்நெட் என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுகிறார்கள். அச்சொல் பொய்யன்று, ஆனால் முழு மெய்யுமன்று. வெள்ளம் வந்தது உண்மை. அணையில் மதகைத் திறந்து வைத்தவர் யார் என்பதையும் கேட்கவேண்டுமல்லவா?

2001-இல் பார்டர்ஸ் கம்பெனியின் தலைவர்கள் தங்களுடைய இன்டர்நெட் வியாபாரத்தை நடத்தும் பொறுப்பை அமேஸான் கம்பெனியிடமே ஒப்படைத்தார்கள். தங்களுடைய பெரும் போட்டியாளனைத் தங்கள் பெயரிலேயே கடை நடத்தச் சொன்னார்கள். 2008 வரையில் இந்த ஏற்பாடு நீடித்தது. பார்டர்ஸின் வாடிக்கைக்காரர்கள் ஏழு வருஷ காலம் அமேஸானிடம் வாங்கப் பழகினர். 2007 நவம்பரில் அமேஸான் தன் கிண்டில் என்னும் எலெக்ட்ரானிக் புஸ்தகக் கருவியை வெளியிட்டது. பார்ன்ஸ் அண்டு நோபிள் கம்பெனி 2009-இல் நூக் என்ற கருவியைக் கொண்டுவந்தது. பார்டர்ஸுக்கோ சொந்தமாக ஒரு கருவியும் இல்லை.

ஸங்கீதத் தட்டுகளை ஜனங்கள் வாங்குவது குன்றிவந்த காலத்தில் அத்தட்டுகளுக்காகவே கடைகளில் விசாலமான இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அக்கடைகளுக்கு நீண்டகாலக் குத்தகை எழுதிக் கொடுத்திருந்தார்கள்; விற்பனை குறைந்தாலும் வாடகை குறையாது. கையில் பணம் இருந்த வருஷங்களிலோ, கம்பெனி தன்னுடைய பங்குகளைத் தானே மார்க்கெட்டில் திரும்ப வாங்குவதற்குப் பெருந்தொகையைச் செலவிட்டது. அதனால் பங்குதாரர்கள் மகிழ்ந்தார்கள். மழைக்காலத்துக்கென்று குதிரில் ஒன்றும் மிஞ்சவில்லை. 2006-க்குப் பிறகு அக்கம்பெனி எந்த வருஷத்திலும் லாபம் காணவில்லை.

2002-இல் மற்றொரு மாறுதல் வந்தது. எந்தப் பகுதியில் எந்த நூல்களை வைப்பது என்பதை மத்தியிலிருந்தே தீர்மானிக்கும் முறை அது. அதில் பெரிய பிரசுரகர்த்தர்களே பண உதவி செய்து ஆலோசகர்களாகவும் அமர்ந்தனர். சோப்புக் கட்டியை அடுக்கும் விதமாய்ப் புஸ்தகத்தையும் அடுக்கலாம் என்று கருதினர் போலும். அலமாரியை அறிந்த சிப்பந்தியின் அபிப்பிராயத்துக்கு மதிப்புப் போயிற்று. தலைமைக் காரியாலயம் சொன்னதை அடுக்குவதும், வாடிக்கைச் சீட்டில் ஆட்களைச் சேர்ப்பதும் அவன் வேலையாயின.

இத்தீர்மானங்களில் எதையாவது கடைச் சிப்பந்திகள் செய்தார்களா? அவர்களுடைய அபிப்பிராயத்தை எவரேனும் கேட்டார்களா? ஒன்றும் இல்லை. ஆயினும் பயனை அனுபவித்தவர்கள் அவர்களே. ஒருவன் தேளைப் பிடிக்க, மற்றொருவனுக்குக் கடுத்தது.

அங்குலம் அங்குலமாய்ப் போன வேலை

வேலை போவது ஒரு நாளில் நிகழ்வது என்று வெளியிலிருப்போர் நினைக்கிறார்கள். வேலை நிச்சயமில்லாத நிலைமையோ நாள் கணக்கிலன்று, வருஷக் கணக்கில் மனிதனைத் தின்கிறது.

2008 மார்ச்சில் கம்பெனி தன்னை விற்றுவிடவும் தயார் என்று அறிவித்தது. அதன் பெரிய பங்குதாரர் ஒருவரிடமிருந்து 4 கோடியே 25 லட்சம் டாலர் கடன் வாங்கிக் காலங்கடத்திற்று. 2009 ஜனவரியில் பிரதம நிர்வாகி மாறினார். வந்தவர் ஒரு வருஷத்தில் போனார். மற்றொருவர் தாற்காலிகமாக அமர்ந்தார். 2010 ஜூனில் அவருக்கு மேல் வேறொருவர் வந்தார். ஒவ்வொருவரும் புதிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தனர். ஒவ்வொரு திட்டத்திலும் ஆள்குறைப்பு என்ற ஓர் அங்கம் தவறாமல் இருந்தது. 2009 நவம்பரில் சுமார் 200 வால்டன்புக்ஸ் கடைகளை மூடப்போவதாகவும், அதனால் சுமார் 1,500 பேருக்கு வேலை போகும் என்றும் அறிவித்தனர். கிறிஸ்துமஸ் வியாபாரம் முடியும் வரையில் அச்சிப்பந்திகள் அங்கேயே நின்று, பண்டிகைக்கு வருகிறவர்களுக்கு முகமலர்ச்சியுடன் பரிசுப் புஸ்தகங்களைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஜனவரியில் கதவு மூடப்படும்.

மூடாத கடைகளில் இருந்தவர்களின் நிலை என்ன? 2011-இல் கம்பெனி கோர்ட்டுக்குச் சென்றபோது அதில் முழுநேரச் சிப்பந்திகள் சுமார் 6,100 பேர். பகுதிநேரச் சிப்பந்திகள் சுமார் 11,400 பேர். மூன்றில் இரண்டு பங்கு பேர் மணிக்கணக்குக் கூலிக்காரர்கள் என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். பகுதிநேரச் சிப்பந்தியை நீக்குவதற்கு உத்தரவு ஒன்றும் பிறப்பிக்க வேண்டுவதில்லை. வாரத்துக்கு இருபத்தைந்து மணி வேலை கொடுத்த இடத்தில் பதினெட்டு மணி கொடுத்தால் போதும். அடுத்த மாதம் பன்னிரண்டு. சம்பளத்தைக் குறைத்ததாக ஒருவரும் சொல்லமாட்டார்கள், மணியைத்தான் குறைத்தார்கள். வாடகை கொடுக்க முடியாமல் அவன் தானே விலகிவிடுகிறான். கணக்கில் அது ஆள்குறைப்பு ஆகாது, ராஜிநாமா ஆகும்.

இப்படிப்பட்ட நிலையில் மனிதன் எவ்வாறு வாழ்வான்? வீட்டை மாற்றலாமா, குழந்தையைப் பள்ளியில் சேர்க்கலாமா, வைத்தியம் செய்துகொள்ளலாமா என்ற எந்தத் தீர்மானத்தையும் அவன் செய்ய இயலாது. வேறு வேலை தேடலாமே என்றால், 2008-க்குப் பிறகு அமெரிக்காவில் பொருளாதார மந்தம். 2011 மத்தியில் வேலையில்லாதார் விகிதம் நூற்றுக்கு 9. ஆகவே மூழ்கும் கப்பல் என்று தெரிந்தும் அதிலேயே நிற்கவேண்டியவர்களாயினர்.

கோர்ட்டில் நடந்தது

2011 பிப்ரவரி 16-ஆம் தேதி பார்டர்ஸ் கம்பெனி திவால் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயத்தின் கீழ் நியூயார்க்கில் மனுச் செய்துகொண்டது. சொத்து சுமார் 128 கோடி டாலர். கடன் சுமார் 129 கோடி டாலர். பெங்குவின் பிரசுராலயத்துக்கு மட்டும் 4 கோடியே 11 லட்சம் டாலர் பாக்கி. உடனே சுமார் 200 கடைகளை மூடுவது என்று தீர்மானமாயிற்று.

மறு மாதத்திலேயே கம்பெனி கோர்ட்டின் முன் மற்றொரு விண்ணப்பத்தை வைத்தது. தலைமை உத்தியோகஸ்தர்களும் மேல்தர நிர்வாகிகளும் விலகிவிடாதிருக்கும் பொருட்டு அவர்களுக்கு 80 லட்சம் டாலருக்கு மேற்பட்ட போனஸ் வழங்க அனுமதி வேண்டும் என்பது அது. திவால் நடவடிக்கைகளைக் கண்காணிக்கும் ஸர்க்கார் அதிகாரியே இதை ஆட்சேபித்தார். பின்னர்த் திட்டம் மாற்றி அமைக்கப்பட்டு ஏப்ரலில் கோர்ட்டின் சம்மதம் பெற்றது. சட்டப்படி நடந்ததை நாம் சட்டவிரோதம் என்று சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறோம்: மேலே இருப்பவன் விலகாதிருக்கப் பணம் கொடுக்கவேண்டும், கீழே இருப்பவன் விலகாதிருக்க அவனுடைய பசியே போதும் என்பது எந்த நியாய சாஸ்திரத்தில் உள்ளது?

கம்பெனியை வாங்க முன்வந்த ஒரு கூட்டத்தாரின் ஏற்பாடு, வாங்கியபின் அவர்களே அதைக் கலைத்துவிடக் கூடும் என்று கடன்காரர்கள் ஆட்சேபித்தமையால், முறிந்தது. ஜூலை 18-ஆம் தேதி கம்பெனியைக் கலைக்கும் தீர்மானம் வெளியாயிற்று. எஞ்சியிருந்த 399 கடைகளிலும் மலிவு விற்பனை தொடங்கிற்று. செப்டம்பர் 18-ஆம் தேதியோடு கடைசிக் கதவும் மூடப்பட்டது.

அந்த இரண்டு மாதங்களில் சிப்பந்திகள் செய்த வேலையைச் சற்று யோசித்துப் பார்க்கவேண்டும். கலைப்புக் கம்பெனியாரின் உத்தரவுப்படி, தாங்கள் வகைப்படுத்தி அடுக்கிய புஸ்தகங்களின்மேல் வாரந்தோறும் புதிய தள்ளுபடிச் சீட்டை ஒட்டினர். புஸ்தகம் தீர்ந்தபின் அலமாரிகளை விற்றனர். நாற்காலிகளையும் பெயர்ப் பலகைகளையும் விற்றனர். தம் வேலையைத் தாமே பிரித்து விற்கும் வேலை அது. ஒரு கடையின் சிப்பந்திகள், இத்தனை வருஷமாக வாய்விட்டுச் சொல்லாத குறைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினர். அதன் படம் தேசமெங்கும் பரவிற்று, ஜனங்கள் சிரித்தார்கள். அச்சிரிப்புக்குள் இருந்த கைப்பை உணர்ந்தவர் சிலரே.

மிஞ்சிய ஒரு சொத்தின் விற்பனையை இங்கு விசேஷமாய்க் குறிக்கவேண்டும். பார்டர்ஸ் என்ற பெயரையும் அதன் வாடிக்கைக்காரர் ஜாபிதாவையும் பார்ன்ஸ் அண்டு நோபிள் 1 கோடியே 39 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. அந்த ஜாபிதாவில் 4 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அவற்றில் எத்தனை எத்தனையோ பெயர்களைப் பணம் வாங்கும் மேஜையண்டை நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சேர்த்தவர்கள் கடைச் சிப்பந்திகள். விற்பனைத் தொகை கடன்காரருக்குப் போயிற்று. சேர்த்தவர்களுக்கு அதில் உரிமை ஒன்றும் இல்லை.

சட்டத்தின் ஓட்டைகள்

அமெரிக்காவில் தொழிலாளியைக் காக்கச் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1988-இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, நூறு பேருக்கு மேற்பட்ட சிப்பந்திகளைக் கொண்ட முதலாளி ஓரிடத்தை மூடுவதானால் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஆனால் மூடப்படும் அந்த ஒரே இடத்தில் 50 பேராவது வேலை இழந்தால்தான் சட்டம் உயிர் பெறும். அந்த 50 பேரை எண்ணும்போது வாரத்துக்கு 20 மணிக்குக் குறைந்து வேலை செய்கிறவர்களையும், சமீபத்தில் சேர்ந்தவர்களையும் சேர்த்துக்கொள்வதில்லை. ஆலைத் தொழிலாளியை நினைத்து எழுதப்பட்ட சட்டம் அது. இருபது முப்பது பேர் வேலை செய்யும், அவர்களிலும் பெரும்பாலோர் பகுதிநேரக்காரராயிருக்கும் ஒரு புஸ்தகக் கடைக்கு அது எட்டுவதே இல்லை. நானூறு கடைகளில் பதினாயிரம் பேர் ஒரே கம்பெனியின் ஒரே தீர்மானத்தால் வேலை இழக்கலாம். கடை கடையாக எண்ணினால் ஓரிடத்திலும் ஐம்பது தேறாமல் போகலாம்.

திவாலான கம்பெனியிடமிருந்து சம்பள பாக்கிக்குச் சட்டம் முன்னுரிமை தருகிறது. பார்டர்ஸ் மனுச் செய்த காலத்தில் அதற்கு 11,725 டாலர் என்ற எல்லை இருந்தது. மனுவுக்கு முந்திய 180 நாட்களில் சம்பாதித்த தொகைக்கே அது பொருந்தும். ஆனால் ஈடு பெற்றுக் கடன் கொடுத்த பாங்கிகளும், கோர்ட்டுச் செலவும், வக்கீல்களின் கட்டணமும் இதற்கு முன் நிற்கின்றன. பதினைந்து வருஷம் உழைத்ததற்கென்று தனி உரிமை எதுவும் கணக்கில் வருவதில்லை.

வைத்திய இன்ஷ்யூரன்ஸ் விஷயம் இதனினும் கொடிது. அந்நாட்டில் வைத்தியச் செலவு மிகப் பெரிது. பெரும்பாலோருக்கு இன்ஷ்யூரன்ஸ் வேலையோடு கட்டுண்டிருக்கிறது. வேலை இழந்தவன் தன் கைப்பணத்தைக் கட்டிச் சாதாரணமாக 18 மாதம் வரையில் பழைய ஏற்பாட்டைத் தொடரலாம் என்று சட்டம் சொல்கிறது. கம்பெனியே கலைந்து, அதன் இன்ஷ்யூரன்ஸ் ஏற்பாடும் முடிந்துபோனால் எதைத் தொடர்வது? கதவு இருக்கிறது, வீடு இல்லை.

சங்கம் என்ற துணை

இக்கதியை முன்கூட்டியே உணர்ந்த சிப்பந்திகள் இல்லாமற் போகவில்லை. 1996-இல் சிக்காகோவில் ஒரு பார்டர்ஸ் கடையின் சிப்பந்திகள் சங்கம் சேர்ந்தனர். கம்பெனி பிறந்த ஆன் ஆர்பர் நகரத்துக் கடையிலேயே 2003-ஆம் வருஷக் கடைசியில் வேலைநிறுத்தம் நடந்தது. தாய்க் கடையின் வாசலிலேயே அதன் சிப்பந்திகள் பலகை ஏந்தி நின்றார்கள். ஆயினும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளில் சங்கம் அமைந்தவை விரல்விட்டு எண்ணத் தக்கவை. சிதறிக் கிடக்கும் சிறு கடைகள், மாதந்தோறும் மாறும் ஆட்கள், படித்தவனுக்குச் சங்கம் எதற்கு என்ற வீண் கௌரவம் ஆகிய மூன்றும் சேர்ந்து அவர்களைத் தனித்தனியாகவே நிறுத்தின.

ஓரெகன் மாகாணத்துப் போர்ட்லண்டு நகரில் பவல்ஸ் என்னும் பெரிய புஸ்தகக் கடையின் சிப்பந்திகள் கப்பல்துறைத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்துகொண்டனர். மூட்டை இறக்குபவனும் புஸ்தகம் அடுக்குபவனும் ஒரே சங்கத்தில் அமர்ந்தது மிகப் பொருத்தமே. இருவரும் பிறர் சரக்கைச் சுமக்கிறவர்கள்தாம். 2023-இல் தொழிலாளர் தினத்தன்று அவர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்து தங்கள் ஒற்றுமையைக் காட்டினர். அதே வருஷத்தில் நியூயார்க்கில் பார்ன்ஸ் அண்டு நோபிள் கம்பெனியின் பெயர்பெற்ற யூனியன் ஸ்குவேர் கடைச் சிப்பந்திகள் மிகப் பெரும்பான்மையாய்ச் சங்கத்துக்கு வோட் அளித்தனர். இங்கிலாந்தில் வாட்டர்ஸ்டோன்ஸ் கடைச் சிப்பந்திகள் 2019-இல் வாழ்வதற்குப் போதிய சம்பளம் கேட்டு விண்ணப்பித்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட எழுத்தாளர்கள் அவர்களை ஆதரித்துக் கையெழுத்திட்டனர். தம் நூலை வாசகன் கையில் கொண்டுசேர்ப்பவன் பட்டினி கிடக்கலாகாது என்பதை எழுதுகிறவர்கள் உணர்ந்தது நல்ல அறிகுறி.

ஓர் ஆட்சேபமும் அதற்கு விடையும்

"வியாபாரமே நசிக்கும்போது முதலாளி என்ன செய்வான்? குதிரை வண்டி போய் மோட்டார் வந்தபோது வண்டிக்காரனை யார் காப்பாற்றினார்கள்? காலத்தின் போக்கைத் தடுக்க முடியுமா?" என்று கேட்பார் உளர். இவ்வாட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. நஷ்டத்தில் நடக்கும் கடையை என்றென்றும் நடத்தவேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது.

ஆனால் இங்கே காலத்தின் போக்கு என்று சொல்லப்பட்டது முற்றிலும் உண்மைதானா? பார்டர்ஸ் வீழ்ந்த அதே காலத்தில் அமெரிக்காவில் தனிப்பட்ட சிறு புஸ்தகக் கடைகளின் தொகை பெருகிற்று. 2009-இல் 1,651 ஆக இருந்தது 2015-இல் 2,227 ஆயிற்று. இன்டர்நெட் அவற்றுக்கும் எதிரிதான். அவை பிழைத்தமைக்குக் காரணம், தம் ஊர் வாசகனை அறிந்து அவனுக்கேற்ற நூலை எடுத்துக் கொடுக்கும் ஆட்கள் அங்கே இருந்தமையே.

பார்ன்ஸ் அண்டு நோபிள் கம்பெனியின் சரித்திரம் இன்னும் தெளிவானது. பார்டர்ஸ் போனபின் தனிக்காட்டு ராஜாவாக நின்ற அக்கம்பெனியும் தளர்ந்தது. 2018 பிப்ரவரியில் வருஷத்துக்கு 4 கோடி டாலர் மிச்சம் பிடிப்பதற்காகச் சுமார் 1,800 முழுநேரச் சிப்பந்திகளை ஒரேயடியாய் நீக்கிற்று. நீண்ட நாள் பழகிய, விஷயம் தெரிந்த ஆட்களே அவ்வாறு நீக்கப்பட்டார்கள். கம்பெனி பிழைத்ததா? இல்லை. அடுத்த வருஷம், 2019 ஆகஸ்டில், கடன் உள்பட 68 கோடியே 30 லட்சம் டாலருக்கு அது கைமாறிற்று. புதிய நிர்வாகியாக வந்த மிஸ்டர் ஜேம்ஸ் டான்ட் லண்டனில் சொந்தப் புஸ்தகக் கடை நடத்தியவர். எந்த நூலை வைப்பது, எங்கே வைப்பது என்ற அதிகாரத்தை அவர் அந்தந்தக் கடையாரிடமே திருப்பிக் கொடுத்தார். பணம் கொடுக்கும் பிரசுரகர்த்தரின் நூலையே முன்னால் அடுக்கும் வழக்கத்தையும் நிறுத்தினார். பிறகு அக்கம்பெனி கடைகளை மூடுவதை விட்டுப் புதிய கடைகளைத் திறக்கத் தொடங்கிற்று.

இதனால் சிப்பந்திகளின் துன்பமெல்லாம் தீர்ந்ததென்று கொள்ளவேண்டா. மேலே சொன்ன யூனியன் ஸ்குவேர் வோட் அவர் நிர்வாகத்தின்போதே நடந்தது. வாட்டர்ஸ்டோன்ஸ் விண்ணப்பம் வந்தபோதும் அக்கம்பெனியின் தலைவர் அவரே. கடைக்கு உயிர் வந்தால் சிப்பந்திக்கும் தானே வயிறு நிறையும் என்பது நம்பத்தக்க வாதமன்று. ஆனால் ஒன்று ருசுவாகிவிட்டது. எதைச் செலவு என்று எண்ணி முதலில் வெட்டினார்களோ அதுவே வியாபாரத்தின் உயிர்நிலையாயிருந்தது. வேரை வெட்டி விறகாக்கிக் குளிர்காய்ந்துவிட்டு மரம் பட்டுப்போயிற்றென்று காலத்தை நொந்துகொள்வது நியாயமாகாது.

செய்யத்தக்கவை

கடை மூடுவதைச் சட்டத்தால் தடுக்க இயலாமலிருக்கலாம். மூடும்போது விழும் அடி யார் முதுகில் விழவேண்டும் என்பதைச் சட்டத்தால் நிர்ணயிக்கலாம். முதலாவது, முன்னறிவிப்புச் சட்டம் கடை கடையாக அன்றிக் கம்பெனி முழுவதையும் ஒன்றாக எண்ணவேண்டும். பகுதிநேரச் சிப்பந்தியையும் ஒரு மனிதனாக எண்ணவேண்டும். இரண்டாவது, கம்பெனி கலையும்போது வருஷக் கணக்கில் உழைத்தவனுக்குரிய ஈட்டுத்தொகை, நிர்வாகிகளின் போனஸுக்கு முன் நிற்கவேண்டும். மூன்றாவது, மணிக்கணக்கு வேலைக்காரனுக்கு வாரத்துக்கு இத்தனை மணி என்ற குறைந்தபட்ச உறுதி எழுத்துமூலம் இருக்கவேண்டும். மணியைக் குறைத்து மனிதனைத் துரத்தும் தந்திரத்துக்கு அப்பொழுதுதான் முடிவு உண்டாகும்.

இவை தாமே வந்துவிடா. எந்த நாட்டிலும் தொழிலாளர் சட்டம் முதலாளியின் தயையால் பிறந்ததில்லை. சட்டசபையின் சுயபுத்தியாலும் பிறந்ததில்லை. கேட்பவர்கள் ஒன்றுகூடிக் கேட்டபோதே பிறந்தது. படித்த சிப்பந்தி தன்னைத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்ளக் கூசுகிற வரையில் அவனுக்குக் குமாஸ்தாவின் கௌரவமும் கிட்டாது, தொழிலாளியின் பாதுகாப்பும் கிட்டாது. ஆலையிலுள்ளவன் நூறு வருஷத்துக்கு முன் கற்ற பாடத்தைக் கடையிலுள்ளவன் இப்பொழுது கற்கத் தொடங்கியிருக்கிறான். 10,700 பேர் தனித்தனியே வீடு திரும்பிய அந்தச் செப்டம்பர் மாதத்தில் அப்பாடம் எழுதப்பட்டது. போர்ட்லண்டிலும் நியூயார்க்கிலும் சிலர் அதை வாசித்துவிட்டனர். மற்றவர்கள், தங்கள் கடை மூடப்படும் நாளுக்கு முன்னால் வாசிக்கவேண்டும்.